ஐந்தாம் மாடி ஒத்திகை

நாவலூர் தாண்டி, பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி நிற்கிற அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் செங்கல்வராயன் வேலைக்குச் சேர்ந்தபோது, அவருடைய மகள் காயத்ரி ரொம்ப நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"ஊர்ல வேற வேலையே கெடைக்கலியாப்பா ஒனக்கு? அம்மாவ உள்ள அனுப்பிட்டு வெளிய நின்னமே, அதே கேட்டு வழியா டெய்லி எப்படிப்பா போவ?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

"எலெக்ட்ரீஷியன் வேணும்னு சொன்னாங்க, போனேன்" என்றார் அவர். பொய்யில்லை. திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் பம்ப் செட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டிருந்த மனுஷர்தான். கடையை மூடிவிட்டு, கூடுவாஞ்சேரியில் மகள் வீட்டு மாடியில் குடியேறிய பிறகு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது. ஆனால் இந்த ஆஸ்பத்திரியைத் தேடிப் போனதற்குக் காரணம் வேறு. அவருடைய மனைவி கடைசியாக இருந்த இடம் இது. வீட்டில் அவளுடைய புடவைகள் இருந்தன, பவுடர் டப்பா இருந்தது, அவள் பாதி தைத்து வைத்த தலையணை உறை இருந்தது. அவள் இருந்த கடைசி சில நாட்கள் மட்டும் இந்தக் கட்டடத்துக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தன. அதை மகளிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் பெயர் வேண்டா. வரிசையாகப் பிறந்த பெண்களுக்குப் பின்னால் இன்னொரு பெண்ணாகப் பிறந்ததால் அவளுடைய அப்பா வைத்த பெயர். கல்யாணமான புதிதில் அதைச் சொல்லிக் கூப்பிடச் செங்கல்வராயனுக்குக் கூச்சமாக இருக்கும். 'இந்தா புள்ள' என்பார். "பேரச் சொல்லித்தான் கூப்புடேன்யா, நானா வச்சிக்கினேன்?" என்று அவள் சிரிப்பாள்.

கொரோனாவின் இரண்டாவது அலையில், சித்திரை வெயிலில், அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு எங்கெங்கோ அலைந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தார்கள். வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "பேஷண்ட் பேரு?" என்று கேட்டாள்.

"வேண்டா."

"இன்னா சார் வேண்டாம்? பெட்டு வேண்டாமா?"

சக்கர நாற்காலியில், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நிலையிலும் வேண்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் சிரித்தது. உடனே லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. அதோடு சரி, அவளை அவர் உயிரோடு பார்க்கவில்லை.

மறுநாள் போன் பண்ணினாள். "யோவ், என்ன ஜன்னலாண்ட போட்டுக்கிறாங்கய்யா. படுத்துகினே கடலப் பாக்கறேன். நம்ம ரூம் எடுத்துத் தங்கினாக்கூட இந்த மாதிரி வருமா?"

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போனால் தண்ணீரை விட்டு எழுந்து வராதவள் அவள். அதனால் அவருக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. "நல்லாப் பாரு, தூங்காத" என்று அசட்டுத்தனமாக ஏதோ சொன்னார். அதற்கப்புறம் போன் போகவில்லை. சார்ஜ் இறங்கிப் போயிருக்கும். அவசரத்தில் சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். அவர் அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்து கேட்டில் கொடுத்தார். செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொண்டார். அது மேலே போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது கடைசிவரை தெரியவில்லை. அடுத்து வந்த போன் ஆஸ்பத்திரியிலிருந்துதான்.

வேலைக்குச் சேர்ந்து சில நாளிலேயே, வேண்டா இருந்த ஐந்தாம் மாடியில் ஒரு டியூப் லைட் எரியவில்லை என்று அனுப்பினார்கள். அவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அங்கே வார்டே இல்லை. முழு உடல் பரிசோதனை மையமாக அதை மாற்றியிருந்தார்கள். கண்ணாடித் தடுப்புகள், சோபாக்கள், ஒரு மீன் தொட்டி. அவர் விளக்கைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு ஜன்னலாகப் போய் எட்டிப் பார்த்தார். கிழக்குப் பக்கம் அடுக்குமாடிக் கட்டடங்கள்தான் முழுக்க மறைத்துக்கொண்டு நின்றன. மொட்டை மாடிகளில் தண்ணீர்த் தொட்டிகள், துணிக் கொடிகள். கடல் எங்கேயும் தெரியவில்லை.

காய்ச்சலில் பிதற்றியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். இன்னொரு எண்ணமும் வந்தது. நான் பயப்படக் கூடாதென்று பொய் சொல்லியிருப்பாளோ? அதுதான் அவரை அதிகம் வாட்டியது. புடவை விலையைக்கூட மறைக்கத் தெரியாதவள் அவள். அவளைத் தனியாகப் படுக்க வைத்து, அந்த நிலைமையில் பொய்யும் சொல்ல வைத்துவிட்டோமே என்று இருந்தது. அதற்கப்புறம் ஐந்தாம் மாடியில் என்ன சின்ன வேலை என்றாலும் அவரே போனார். போய் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் போனார்.

அந்த ஆஸ்பத்திரி பல ஊர்களில் கிளை வைத்திருக்கிற ஒரு கம்பெனிக்குச் சொந்தம். வெள்ளமும் கொரோனாவும் அடித்த அடியில் கம்பெனி நிறைய மாறியிருந்தது. தரைக்குக் கீழே இருந்த ஜெனரேட்டரைத் தூக்கி, ஆள் உயரத்துக்குக் கான்கிரீட் மேடை கட்டி அதன்மேல் வைத்திருந்தார்கள். மருந்துக் கிடங்கு இரண்டாம் மாடிக்குப் போயிருந்தது. ஆக்சிஜன் டேங்க் பெரிதாகியிருந்தது. புயல் எச்சரிக்கை வந்தால் யார் யார் வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரியிலேயே தங்க வேண்டும், அவர்களுக்கு அரிசி பருப்பு எங்கே இருக்கும் என்பதுவரை முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்காலத்துக்கு முன்னால், ஒத்திகை நடக்கும். ஒரு வருஷம் தீ விபத்து, ஒரு வருஷம் வெள்ளம் என்று ஏதாவது ஒன்று வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு எல்லாரும் ஓட வேண்டும்.

இந்த வருஷம் தொற்றுக் காய்ச்சல் என்று அறிவித்தார்கள். ஐந்தாம் மாடிப் பரிசோதனை மையத்தை ஒரே பகலில் தனிமை வார்டாக மாற்றிக் காட்ட வேண்டும்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஆதித்யா என்ற இளைஞன் வந்திருந்தான். பேரிடர் ஏற்பாடுகளுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. யாரிடமும் குரல் உயர்த்தாத பையன். ஆனால் ஒரு இடத்தில் நிற்க மாட்டான். காலையிலேயே செங்கல்வராயனும் இன்னும் நாலைந்து பேரும் மேலே போய்த் தடுப்புகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள். சோபாக்கள் வெளியே போயின. மீன் தொட்டியை மீனோடு நகர்த்தினார்கள். சுவரை அழகுக்காக மூடியிருந்த மரப் பலகைகளைக் கழற்றியதும், உள்ளே பழைய ஆக்சிஜன் குழாய் வாய்கள் வரிசையாக அப்படியே இருந்தன. செங்கல்வராயன் ஒரு நிமிஷம் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். இதில் ஏதோ ஒரு வாயிலிருந்துதான் வேண்டாவுக்கு மூச்சு போயிருக்கிறது.

கட்டில்களைப் போடும் வேலையைச் சிஸ்டர் தெய்வநாயகி பார்த்தார். கொரோனா காலத்திலிருந்து இங்கேயே இருக்கிற மூத்த நர்ஸ். "தல அந்தச் செவுத்துப் பக்கம் வரட்டும். இல்ல, இல்ல, அந்த மூலைல ஒண்ணு போடணும். அப்போ எப்படிப் போட்டிருந்தமோ அதே மாதிரி போடுங்க, அப்பதான் குழாய் எட்டும்" என்று கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். தென்கிழக்கு மூலையில் ஒரு பெரிய இரும்பு பீரோ எப்போதும் நிற்கும். அதைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கட்டில் போட்டார்கள்.

நோயாளிகளாக நடிக்க நர்சிங் மாணவிகளும் டிரைவர்களும் வந்திருந்தார்கள். அவர்களில் டிரைவர் சம்பத் நிஜமாகவே காய்ச்சல் வந்து வீட்டுக்குப் போய்விட்டான். ஆதித்யா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு செங்கல்வராயனிடம் வந்தான்.

"அண்ணா, உங்க வேலை முடிஞ்சிருச்சுன்னா கொஞ்ச நேரம் படுக்க முடியுமா? ஒண்ணும் பண்ண வேணாம். அவங்க கேக்கறதுக்குப் பதில் சொன்னாப் போதும்."

மூலைக் கட்டில்தான் காலியாக இருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார். ஒரு மாணவி வந்து அவர் மூக்கில் ஆக்சிஜன் குழாயை மாட்டி, கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தினாள். அவர் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார்.

இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே, ஒரு சேலை முந்தானை அகலத்துக்குச் சந்து இருந்தது. அந்தச் சந்துக்குள், தூரத்தில், சவுக்குத் தோப்புக்கு மேலே, நீலமாக ஒரு பட்டை. அதன்மேல் ஒரு வெள்ளைப் புள்ளி மெதுவாக நகர்ந்தது. படகு.

வேறு எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் முன் கட்டடம் அந்த இடைவெளியை மறைத்துவிடும். பீரோ நின்ற இந்த ஒரு மூலையிலிருந்துதான் அது தெரியும். இங்கேதான் படுத்திருந்தாள். இதைத்தான் பார்த்தாள். அவள் பொய் சொல்லவில்லை.

பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டது. தலை முதல் கால்வரை வெள்ளைக் கவச உடை போட்ட ஒரு நர்ஸ் வந்து நின்றிருந்தாள். முகத்துக்கு மேலே பிளாஸ்டிக் மறைப்பு. யாரென்றே தெரியவில்லை.

"சார், உங்க பேரு சொல்லுங்க."

"வேண்டா" என்றார் அவர்.

"இன்னா சார் வேண்டாம்?"

"வேண்டா" என்றார் மறுபடியும். கண்ணிலிருந்து வடிந்த தண்ணீர் காதுக்குள் போனது. அந்தப் பெண் பயந்துபோய், "சிஸ்டர், இவருக்கு நெஜமாவே இன்னாவோ ஆவுது" என்று கத்தினாள். இன்னொரு கவச உடை வேகமாக வந்தது. அது தெய்வநாயகி என்பது குரலில்தான் தெரிந்தது.

"அண்ணே, இன்னா பண்ணுது? மூச்சு முட்டுதா?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டரு." அவர் எழுந்து உட்கார்ந்தார். இத்தனை காலம் காரிடாரில் பார்க்கும்போதெல்லாம் கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டது, அப்போது வந்துவிட்டது. "நீங்க அப்போ இங்கதான இருந்தீங்க? ரெண்டாவது அலைல? என் வூட்டுக்காரி இந்தக் கட்டில்லதான் இருந்தா. பேரு வேண்டா. செகப்பா இருப்பா, மூக்குல ஒத்தக் கல்லு மூக்குத்தி. அவ எதனா சொன்னாளா? போனு கேட்டாளா? சார்ஜர் ஒண்ணு குடுத்தனுப்பினேன், அது வந்துச்சா?"

தெய்வநாயகி அவர் பக்கம் குனிந்தார். பிளாஸ்டிக் மறைப்புக்குள் மூச்சுப் பட்டு ஆவி படிந்தது.

"நெனப்பு இல்லண்ணே" என்றார். "எதனா சொல்லி உங்கள ஆறுதல் படுத்தலாம். ஆனா பொய்யாப் பூடும். அப்போ காலைல ஒரு மொகம், சாயங்காலம் ஒரு மொகம். எனக்கு யாருமே ஞாபகம் இல்ல. மூக்குத்தி மட்டும், நெறைய மூக்குத்தி ஞாபகம் இருக்குது."

செங்கல்வராயன் தலையாட்டினார்.

"ஒண்ணு சொல்றேன். யாரா இருந்தாலும் கடைசீல கையப் புடிச்சிப்போம். கிளவுசோடதான். நானோ இன்னொருத்தியோ. தனியா வுட மாட்டோம், முடிஞ்ச வரைக்கும்." அவர் கட்டில் விரிப்பை இழுத்துச் சரி செய்தார். "முடியாத நாளும் இருந்துச்சுண்ணே."

செங்கல்வராயன் மறுபடியும் படுத்துக்கொண்டார். ஒத்திகை முடிகிறவரை எழுந்திருக்கவில்லை. யாரும் எழுப்பவுமில்லை.

மத்தியானம் கேன்டீனில் எல்லாரையும் உட்கார வைத்து, எது சரியாக நடந்தது, எது தப்பாகப் போனது என்று ஆதித்யா பேசினான். லிஃப்ட் தாமதம், உடை மாற்றும் அறை சின்னது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். செங்கல்வராயன் கையைத் தூக்கினார்.

"சார், கட்டிலாண்ட போன் சார்ஜ் போட பிளக் பாயிண்டு கெடையாது. மிஷினுக்குக் கீது, ஆளுக்கு இல்ல. நான் போட்டுத் தர்றேன். அப்புறம் இன்னொண்ணு. வூட்டாளுங்க கூட யாரு பேசவைப்பாங்க?"

"டாக்டர் டெய்லி அப்டேட் சொல்லுவாங்கண்ணா. எஸ்எம்எஸ்ஸும் போவும்."

"அது சேதி சார். நான் கேக்கறது கொரலு. போன் தூக்கக்கூட முடியாதவங்களுக்கு யாரு புடிச்சிக்கினு நிப்பாங்க?"

ஆதித்யா நடையை நிறுத்தி அவரைப் பார்த்தான். இவருடைய கதையை யாராவது அவனிடம் சொல்லியிருக்கலாம். "நல்ல விஷயம்ணா" என்றான். "ஆனா அந்த நேரத்துல நர்ஸே பத்தாது. அதுக்குன்னு ஒரு ஆள் கேட்டா மேல ஒத்துக்கறது கஷ்டம்."

"ஒயரு, குழாய் பாக்க நான் உள்ள போய்த்தான ஆவணும்? அந்த வேலையோட இதையும் பாத்துக்கறேன்."

"நான் கத்துக் குடுக்கறேன், டிரஸ்ஸு எப்படிப் போடறதுன்னு" என்றார் தெய்வநாயகி.

சாயங்காலத்துக்குள் எல்லாம் பழையபடி ஆக வேண்டும், மறுநாள் காலையில் பரிசோதனைக்கு ஆட்கள் வருவார்கள். கட்டில்கள் கீழே போயின. மீன் தொட்டி திரும்பி வந்தது. நாலு பேர் சேர்ந்து பீரோவைத் தள்ளியபோது, ஐந்தாவதாகக் கை கொடுக்க வேண்டியிருந்தவர் செங்கல்வராயன்தான். கொடுத்தார்.

காயத்ரியின் ஆபீஸ் அங்கிருந்து இரண்டு ஸ்டாப் தள்ளி. அவளுக்குப் போன் பண்ணி, "உங்கம்மா சொன்னது நெசம்தான் கண்ணு. கடலு தெரியுது" என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவளே ஆட்டோ பிடித்து வந்து இறங்கினாள். அந்த கேட்டுக்கு முன்னால் அவள் வந்து நின்றது அன்றைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"நானும் மேல வந்து பாக்கலாமாப்பா?"

"பீரோவ வச்சிட்டாங்கடா."

அவள் அண்ணாந்து ஐந்தாம் மாடியைப் பார்த்தாள். கண்ணாடியில் சாயங்கால வானம்தான் தெரிந்தது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. "எந்த ஜன்னல்?" என்று கேட்டாள். அவர் கையைக் காட்டினார். டீ ஆறிப்போகிறவரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் தோளில் சாய்ந்துகொண்டு, "நெறைய நேரம் பாத்திருப்பா இல்லப்பா?" என்றாள். "பாத்திருப்பா" என்றார் அவர்.

அந்தக் கார்த்திகை மாத மழைக்கு அப்புறம், ஒத்திகை பார்த்ததுபோலவே ஒரு காய்ச்சல் வந்தது. கொரோனா அளவுக்கு இல்லை. ஆனால் நுரையீரலைப் பிடிக்கிற, பக்கத்தில் இருப்பவருக்கும் ஒட்டிக்கொள்கிற ஃப்ளூ. கடலோரக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்ததும், ஐந்தாம் மாடியை நிஜமாகவே திறந்தார்கள். இந்தத் தடவை தடுமாற்றம் குறைவாக இருந்தது. ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் செங்கல்வராயன் மாட்டிய பிளக் பாயிண்ட் இருந்தது. தலைமை அலுவலகம் தனி ஆள் எதுவும் தரவில்லை. ஒரு போன் மட்டும் வாங்கித் தந்தது. அதைத் துடைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தார்கள்.

கவச உடைக்குள் முதல் நாள் மயக்கம் வருகிற மாதிரி இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. காலையில் ஒயர்களையும் குழாய்களையும் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரம் கழிந்ததும் போனை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவார்.

மூலைக் கட்டிலில் அப்துல் கையூம் என்ற பெரியவர் இருந்தார். கோவளத்தில் ஐஸ் பெட்டி வியாபாரம். மூக்கை மூடிய மாஸ்க்கை ரொம்ப நேரம் எடுக்க முடியாது, கையைத் தூக்கவும் தெம்பில்லை. செங்கல்வராயன் அவர் வீட்டு எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவர் காதோரம் பிடித்தார்.

"ஏங்க, சாப்டீங்களா?" என்று அவர் மனைவி சைதூனின் குரல் வந்தது.

"கஞ்சி குடுத்தாங்க. உப்பே இல்ல."

"அங்கயும் போய் உப்பு பத்தலன்னு ஆரம்பிச்சிட்டீங்களா? குடுத்தத சாப்புடுங்க."

"மாடில தண்ணி டேங்க் மூடி காத்துல பறந்துட்சா பாத்தியா?"

"ஐயோ, அதெல்லாம் நம்ம புள்ள சுஹைபு பாத்துப்பான். நீங்க மொதல்ல மூச்ச நல்லா இழுத்து வுடுங்க."

"கல்லு தூக்கி வைக்கச் சொல்லு. சின்னக் கல்லு வச்சா நிக்காது."

"சரி, பெரிய கல்லே வைக்கறோம். இன்னாத்துக்கு இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு? பேசாதீங்க. நான் பேசறேன், நீங்க கேளுங்க."

அவள் பேசினாள். மீன் விலை, பேத்தி ஜன்னா பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதது, கேஸ் சிலிண்டர்காரன் வராதது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நடுநடுவே 'ம்' என்றார். செங்கல்வராயன் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. போனிலிருந்து வருகிற அந்தக் குரலைத்தான் அவரும் கேட்டார். ஒரு பெண் தன் புருஷனிடம் ஒன்றுமில்லாததை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி ஒரு கால் மணி நேரம் தனக்குக் கிடைத்திருந்தால் என்ன பேசியிருப்போம் என்று நினைத்தார். வேண்டாவும் சிலிண்டரைப் பற்றித்தான் கேட்டிருப்பாள். மோட்டார் கடையைப் பூட்டினாயா என்று கேட்டிருப்பாள். கையுறைக்குள் வேர்வை ஊறியது. தோள் கடுத்தது. சத்தம் வராமல் போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

ஆனால் சைதூனுக்கு ஏதோ கேட்டுவிட்டது. "யாரு போனப் புடிச்சிக்கினு கீறது?" என்றாள்.

"கரெண்டுக்காரரு" என்றார் அப்துல் கையூம்.

"அண்ணே, எவ்ளோ நேரமா நிக்கிறீங்க, கை வலிக்குதாண்ணே? வச்சிடட்டுமா?"

"வலிக்கலம்மா" என்றார் செங்கல்வராயன். "நீங்க பேசுங்க."